ஓடாத இயந்திரமும் நாடாளுமன்றக் குழுவும்

நாடாளுமன்றக் குழு எங்கள் தொழிற்சாலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கெர்லிங் என்ற ஊரில், உறைய வைத்த ரொட்டி சானாய் என்கிற பரோட்டா செய்யும் தனியார் கம்பெனி அது. அரசாங்கம் அதில் பொதுப்பணத்தை முதலீடு செய்திருந்தது. போட்ட பணம் என்ன ஆனது என்று பார்க்கத்தான் குழு வருகிறது. என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் வாங்கிய பெரிய இயந்திரம், வந்த நாள் முதல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறது. பழையதை வைத்துத்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

குட்டு வெளிப்பட்டால் கம்பெனியை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். முதுகில் அறுவை சிகிச்சை செய்த பிறகு என் வீட்டுக்காரர் படுத்த படுக்கைதான். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவருடைய தங்கையும் என்னோடு மாவுப் பகுதியில்தான் வேலை செய்கிறாள்.

மேனேஜர் உறையைக் கழற்றி இயந்திரத்தைத் துடைக்கச் சொன்னார். கேட்டால் "செர்விஸ்ல இருக்கு" என்று சொல்ல வேண்டுமாம். வாசலில் வாடகைப் பூந்தொட்டிகள், கால்வாய் ஓரம் புதுச் சுண்ணாம்பு.

"தோட்டத்துல தொரை வராருன்னா லயத்து வீடுங்களுக்கு வெள்ளையடிப்பாங்களே, அதே கூத்துதான் லா," என்றாள் நாத்தனார். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்குறாங்க அண்ணி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த உறுப்பினர்களில் தமிழ் பேசும் ஓர் அம்மாள் இருந்தார். வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தபடி வந்தவர், என் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்த மெஷின் கடைசியா எப்பம்மா ஓடுச்சு?"

நான் மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் துரை எதைக் கேட்டாலும் ஆட்கள் முதலில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் வாய் திறப்பார்கள். நான் ஒரு நாள்கூடப் பால்மரம் வெட்டியவள் இல்லை. ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அம்மாள் வரிசை நெடுகக் கண்ணை ஓட்டினார். எல்லோரும் மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவருகிட்ட அப்புறம் கேக்குறேன். நீங்க சொல்லுங்க."

செர்விஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"ஓடுனதே இல்லைங்க."

அம்மாள் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

வேலை முடிந்து வேனில் திரும்பினோம். எங்கள் ஊர் கலும்பாங் நெருங்கும்போது நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"நீங்க சொன்னது நெசந்தான் அண்ணி. அண்ணன்கிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?"

வேன் எங்கள் வீட்டு முன்னால் நின்றது. திறந்திருந்த சன்னல் வழியாக என் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது. நாங்கள் இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம்.