வாள்காரி அக்கா

சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் குதிகால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மடிக்க வேண்டும். தரை சிமென்ட். வலியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை, நான் நிற்கும் இடத்தில் பழைய கம்பளி ஒன்று நான்காக மடித்துப் போடப்பட்டிருந்தது. மறுநாளும் இருந்தது. பெருக்குகிறவர்தான் போடுகிறார் என்று நினைத்து, இரண்டு மாதம் தினமும் அவருக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் சீக்கிரம் போனபோதுதான் தெரிந்தது. உருளை இஸ்திரி மெஷினில் நிற்கும் அக்கா குனிந்து அந்தக் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னடி, வீட்டுல கடிகாரம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் மெஷினுக்குப் போய்விட்டார். என் வேண்டுதலெல்லாம் தப்பான விலாசத்துக்குப் போயிருந்தது. கடவுள் அதைச் சரியான ஆளிடம் சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

அந்த அக்கா இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். "கடைசி வரைக்கும் அந்த கேமைக் கட்டிக்கிட்டே கிடந்தா, பாவம்" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். யார் பாவம்? நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எனக்குத் தெரிந்த எழுத்தில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கணவர் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். பதினேழு வருடம். காலையில் ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு வேலைக்கு வருவார், திரும்பிப் போய் மறுபடியும் சமைப்பார். அண்ணன் மகன் வெளியூர் போனபோது, "பழசு, தூக்கிப் போட்டுடுங்க" என்று ஒரு கேம் பெட்டியைக் கட்டிலுக்கடியில் விட்டுப் போனான். தூசி தட்டும்போது, ஓடுகிறதா பார்ப்போம் என்று அக்கா அதை டிவியில் மாட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தினமும் வேலை முடிந்து, அடுப்படிக்குள் நுழையும் முன் ஒரு மணி நேரம். இது தெரிந்ததும் சலவைக்கூடத்தில் ஒரே சிரிப்பு. "வாள்காரி வந்தாச்சு, வழிவிடுங்க!" என்பார்கள். அக்கா விரிப்பை உருளைக்குள் நுழைத்தபடியே, "குதிரையை வெளிய கட்டியிருக்கேன், யாராவது புல்லுப் போடுங்கடி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பூதமும் பேயும் வரும் விளையாட்டு என்று கேள்விப்பட்டு என் மனசு ஒப்பவில்லை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். பார்த்தால் ஒரு ஏரி. அதன் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் வாளோடு ஒரு பெண், இடுப்புப் பையில் செடிகொடிகள். கடவுள் படைத்ததை ரசித்து யாரோ பொறுமையாக வரைந்த மாதிரி இருந்தது.

"இதுல வர்றவங்கல்லாம் அவங்கவங்க வீட்டுல இருந்து ஆடுறாங்களாக்கா?"

"சேச்சே. வேற ஆளுங்க வந்தா இதுவும் நம்ம சலவைக்கூடம் ஆயிடும். இதுல நான் ஒருத்திதான். நான் நிறுத்துனா அங்க காத்துகூட நிக்கும். எதுவும் அடிபிடிக்காது, பொங்கி வழியாது. இந்த வீட்டுல நான் அஞ்சு நிமிஷம் உக்காந்தா என்ன ஆகும் சொல்லு?"

தூரத்தில் ஒரு கறுத்த மலை. அதன் உச்சியில் டிராகன் இருக்கிறதாம். அதைக் கொல்லச் சொல்லி ராஜா நான்கு வருடமாகக் கெஞ்சுகிறாராம்.

"கொல்லலையா?"

"போற வழியில ஆயிரம் வேலை கிடக்கு. ராஜா இருப்பாரு."

அக்கா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அந்த விளையாட்டில் யாராவது உதவி கேட்டால் திரையில் மூன்று பதில் வரும். எழுத்து அக்காவுக்குத் தெரியாது. மேலே இருப்பதையே அமுக்குவார். முதல் பதில் எப்போதும் 'சரி'. ஒரு வருடம் முழுக்க எல்லோருக்கும் சரி, சரி. கீழே இறங்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. எங்கள் உருளை மெஷினில் மேலே பச்சைப் பட்டன், கீழே சிவப்பு. சிவப்பைத் தொட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும், சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வருவார். கீழே தொடாதே என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். அது அக்காவின் விரலிலேயே ஊறிப்போயிருந்தது.

"ஒருத்தன் மாட்டைக் காணோம்னு வந்தான். தேடிக் குடுத்தேன். மறுபடி காணோம்னான். தொலைக்கிறதையே தொழிலா வச்சிருந்தான்டி! ஒரு நாள் கட்டைவிரல் வழுக்கிக் கீழ போயிடுச்சு. கடைசிப் பதில்ல அமுங்கிடுச்சு. எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு, எல்லாம் நின்னுடப்போகுதுன்னு. அவன் தலையை ஆட்டிட்டு அவனே மாட்டைத் தேடப் போனான். மறுநாள் பார்த்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம கையாட்டுறான். அப்பத்தான் தெரிஞ்சுது, மூணாவது பதில் 'மாட்டேன்'னு."

அந்த நேரம் பார்த்து அண்ணனும் அண்ணியும் உள்ளே வந்தார்கள். அக்கா விளையாட்டை நிறுத்தினார். வாள்காரி ஏரிக்கரையில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.

"இங்க பாரு" என்றார் அண்ணன். "என் மூத்த பொண்ணுக்கு அடுத்த மாசம் குழந்தை பொறந்துடும். அவ வேலைக்குப் போகணும்ல. நீ உன் வேலையை விட்டுட்டு அவகூடப் போய் இரு. மூணு வருஷம்தான். நீ வந்துடுவேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்."

அக்காவின் கட்டைவிரல் கேம் ரிமோட் மேல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் ஒரு தடவை கீழே அமுக்கியது. இன்னொரு தடவை. நின்ற திரையில் எதுவும் அசையவில்லை.

"மாட்டேண்ணே."

"என்னது?"

"மாட்டேன்னேன். குழந்தை நல்லா இருக்கட்டும். லீவு நாள்ல போய்த் தூக்கிக் கொஞ்சுவேன். என் வேலையை விட மாட்டேன்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷம் உக்கார வச்சு சோறு போட்டதுக்கு நல்ல மரியாதை!"

"உக்காந்தது எப்ப அண்ணி? சமைச்சதே நான்தானே."

அண்ணன் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். ஏரி, வெயில் எல்லாம் அணைந்தன. "இந்தச் சனியன்தான் உனக்கு வாய் குடுத்துச்சு. இந்த வீட்டுல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல இது இருக்கணும்!"

அக்கா எழுந்தார். ஒயரைச் சுருட்டினார். ஒரு போர்வையை விரித்துப் பெட்டியை நடுவில் வைத்து, சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பதுபோல நான்கு மூலையும் பிசகாமல் மடித்தார்.

"ரெண்டு பேருமே கிளம்பறோம்ணே" என்றார்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை கிடைத்தது. டிவி அண்ணனுடையது, அதனால் மூன்று மாதம் அந்தப் பெட்டி சும்மா அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஒயரைப் பிடுங்கியதில் எல்லாம் அழிந்துபோயிருக்குமோ என்று அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பழைய டிவி ஒன்று வாங்கி மாட்டிய அன்று நானும் போனேன். முந்தின நாள் கடைசியாகப் பதிந்து வைத்த சத்திரத்து வாசலில் வாள்காரி நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருடமும் பத்திரம். அந்த ஞாயிற்றுக்கிழமை பறித்த செடிகள் மட்டும் பையில் இல்லை. "போனாப் போகுது, மறுபடி பறிச்சுக்கலாம்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு வருடம் அந்த அறையில் இருந்தார். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குழந்தையைக் கொஞ்சினார். அண்ணன் ஒரு வருடம் பேசவில்லை, பிறகு பேசினார். வானம் எங்கேயும் இடிந்து விழவில்லை. சண்டை போடாமல், யாரையும் சபிக்காமல், ஒரு பெண் தன் ஒரு மணி நேரத்தைத் தன்னுடையது என்றார். அதைப் பைத்தியம் என்றால் எனக்கும் அது கொஞ்சம் பிடிக்கட்டும். நான் கும்பிடும் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை நான் நிற்கும் இடத்தில் கம்பளி இல்லை. வெறும் சிமென்ட்டைப் பார்த்ததுமே உருளை மெஷினுக்கு ஓடினேன், அங்கே அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நெஞ்சுவலி, தூக்கத்திலேயே.

அதற்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் அவர் அறைக்குப் போயிருந்தேன். வாள்காரி அந்தக் கறுத்த மலை அடிவாரத்தில் நின்றாள். இன்றைக்காவது மேலே போவார் என்று நானும் ஆவலோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா அவளைத் திருப்பி, இதுவரை போகாத ஆற்றுப் பக்கமாக நடக்கவிட்டார். எனக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எத்தனை வருஷமாக்கா அந்த டிராகன் உங்களுக்காக உக்காந்திருக்கும்?" என்று கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது காத்திருக்கும்டி. நீ ஓடு, பஸ் காத்திருக்காது."