விதைக்கு வைத்த மிட்டாய்

ஆரஞ்சு மிட்டாய் எங்கிருந்து வந்தது என்று பத்து வயது வரைக்கும் யார் கேட்டிருந்தாலும் நான் தயங்காமல் சொல்லியிருப்பேன்: எங்கள் தோட்டத்திலிருந்து. வாய்க்கு வந்ததை அளக்கிற பிள்ளை இல்லை நான். என்னிடம் அத்தாட்சி இருந்தது.

எங்கள் தோட்டம் பாச்சலூருக்குக் கீழே ஒரு சரிவில் இருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு மரங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே லாரி ஏறாது. பழத்தைச் சாக்கில் கட்டி மட்டக்குதிரைகளின் முதுகில் ஏற்றி ஒட்டன்சத்திரத்துப் பழ மண்டிக்கு இறக்குவார்கள். குதிரைகளை ஓட்டிப் போவது மாமா, அம்மாவின் தம்பி. போகும்போது சாக்கு நிறைய ஆரஞ்சு. மூன்றாம் நாள் திரும்பும்போது அதே சாக்குகளில் அரிசி, பருப்பு, உப்பு. அவற்றுக்கு நடுவே எனக்கென்று ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் சீனி ஒட்டிய ஆரஞ்சு மிட்டாய்கள், அசல் சுளையைப் போலவே ஒரு பக்கம் வளைந்து கிடக்கும். மோந்து பார்த்தால் எங்கள் மரத்தடி வாசம் அடிக்கும். பழம் போன சாக்கில் மிட்டாய் வருகிறது, பழத்தின் வடிவத்தில் வருகிறது, பழத்தின் வாசத்தோடு வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாமாவிடம் கேட்டேன். கேட்காமலே சொல்லக்கூடியவர் அவர்.

"ஒங்கப்பா பழந்தான் தாயி. மண்டிக்காரரு பெரிய மெஷின் வச்சிருக்காரு. ஒரு பக்கம் பழத்தக் கொட்டுனா தோலு தனியா, கொட்ட தனியா, சொள தனியா விழுந்துரும். சொளயச் சீனியில பொரட்டிக் காயப்போட்டா மிட்டாய்."

"அப்ப பச்ச மிட்டாய்?"

"அது காயாப் பறிச்சது."

"மஞ்ச?"

"செங்காய்."

"செவப்பு?"

இதற்கு மட்டும் மாமா கொஞ்சம் யோசித்தார். குதிரையின் வயிற்றுவாரை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டு, "அது வெயில் பட்ட பக்கம்" என்றார்.

மாமாவிடம் எல்லா மிட்டாய்க்கும் பூர்வீகம் இருந்தது. ஜவ்வு மிட்டாய் பலாப்பாலைக் காய்ச்சி இழுத்தது. பெப்பர்மிண்ட், மார்கழியில் கொடைக்கானல் ஏரிக்கரையில் உறைகிற பனி. வெள்ளைக்காரர்கள் அதை வில்லை வில்லையாக வெட்டி எடுத்துக் காயவைக்கிறார்களாம். வாயில் போட்டால் சில்லென்று இருப்பது பின் எதனால்?

எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். மிட்டாய் என்பது வெறும் சீனிப்பாகு, சாயம், எசன்ஸ் என்பார். அவர் பழனிக்காரர். எங்கள் மலைவாழைப்பழம் கீழே இறங்கிப் பழனியில் பஞ்சாமிர்தமாகிறது என்பதைப் பெருமையாகச் சொல்வார். வாழைப்பழம் பஞ்சாமிர்தமாகலாம், ஆரஞ்சு மிட்டாயாகக் கூடாதா என்று எழுந்து கேட்டேன். பெஞ்சின் மேல் நிற்கச் சொன்னார். நியாயத்துக்குக் காலமில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பல வருடம் கழித்து மதுரையில் ஒரு மிட்டாய்ப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தபோது வாத்தியார் சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. சீனிப்பாகு, புளிப்புக்கு எலுமிச்சை உப்பு, ஒரு குப்பி எசன்ஸ், சுளை வடிவத்தில் குழி வெட்டிய பித்தளை அச்சு. ஆரஞ்சுப்பழம்தான் இல்லை. எனக்கு வாத்தியார் மேல் இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை.

என் எட்டாவது வயதில் மரங்களுக்குச் சீக்கு வந்தது. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளுத்தது. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து மரம் மரமாக அடித்தார். தோட்டமே நீலமாகியது, சீக்கு போகவில்லை. கொடைக்கானலிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். பட்டையைச் சீவிப் பார்த்தார், காப்பி குடித்தார், வெட்டிவிட்டு வேறு வையுங்கள் என்றார். "வேற என்ன சார் வைக்கட்டும்?" என்று அப்பா கேட்டார். விசாரித்து எழுதுவதாகச் சொல்லிப் போனார். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார் போலும்.

வருடா வருடம் தீபாவளி கழிந்ததும் அப்பா மண்டிக்குப் போவார். பறிப்புக்கு முன்னாலேயே தோட்டத்துக் காய் மொத்தத்துக்கும் விலை பேசி மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு அடுப்பு எரிவது அதில்தான். மண்டிக்காரருக்கு முழங்கால் வலி, மலையேறி வந்து பார்ப்பதை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அப்பா வாயால் சொல்வதுதான் கணக்கு. "இந்த ஒரு வருசம் அவரு எடுத்துக்கிட்டாப் போதும், அதுக்குள்ள வேற வழி பாத்துக்கிரலாம்" என்று அம்மா சொன்னதும், அப்பா வெகுநேரம் சாக்குத் தைத்துக்கொண்டிருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு வேறு கவலை. மரம் போனால் பழம் போகும், பழம் போனால் மிட்டாய் போகும். திண்டுக்கல், மதுரை, மெட்ராஸ் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஆரஞ்சு மிட்டாய் இல்லாமல் என்ன செய்வார்கள்? இந்த ஆபத்து உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முதல் தரமான பழத்தை யாரும் தின்னக் கூடாது. அப்பா அதைப் பிழிந்து, கொட்டையைச் சாம்பலில் புரட்டி, சுளகில் பரப்பி நிழலில் உலர்த்துவார். விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் வாய்க்கு. நானும் அப்படியே செய்தேன். மாமா கொண்டுவருகிற மிட்டாயைத் தின்பதை நிறுத்தினேன். ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு, விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மிட்டாயில் கொட்டை இல்லையே என்ற சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் உருளைக்கிழங்குக்கு மட்டும் கொட்டை எங்கே இருக்கிறது? கிழங்கைத்தானே வெட்டி நடுகிறோம்? சோதனைக்கு இரண்டு மிட்டாயை வீட்டுக்குப் பின்னால் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் எறும்பு ஒரு கிராமமே திரண்டு வந்திருந்தது. இது நம் கையில் ஆகிற வேலையில்லை, மெஷின் வைத்திருப்பவரிடம்தான் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழையில் மிட்டாய்கள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. எனக்குச் சந்தோஷம்தான். ஊறிய விதை, முளைக்கத் தயாராகிவிட்டது.

தீபாவளி கழிந்து அப்பாவும் மாமாவும் மண்டிக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று அழுது புரண்டேன். "சோலியாப் போறோம், இவ எதுக்கு?" என்றார் அப்பா. "வரட்டும் மச்சான், ஊரு பாத்தது மாதிரி இருக்கும்" என்று மாமாதான் என்னைக் குதிரை மேல் தூக்கி உட்கார வைத்தார். அதற்காக அவர் பின்னால் எவ்வளவு வருந்தினார் என்று தெரியாது. என் டப்பா சாக்குக்குள் இருந்தது.

மண்டி நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வைக்கோல், கூடை, ஈ. மெஷினைக் காணோம். பின்பக்கம் ஒரு கதவு சாத்தியிருந்தது, அதற்குள் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். மண்டிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு கூடைப் பழத்தை அவர் முன்னால் வைத்தார். ஓடைக்கரை மரங்கள் மட்டும் இன்னும் பச்சையாக நின்றன, அவற்றில் முந்திப் பழுத்தவை. அவர் ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"பழம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல மரமெல்லாம் காயுதாமுல்ல? தாண்டிக்குடிப் பக்கம் ஒரே பேச்சாக் கெடக்கு."

"நம்ம தோட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார் அப்பா. கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொன்னாச் சரி" என்று மண்டிக்காரர் முன்பணம் எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார்.

அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் அப்படியொரு யோசனையே வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டாரே என்று பதறி, சாக்கிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தேன்.

"ஐயா, எங்க மரம் பாதிக்கு மேல பட்டுப்போச்சு. ஓடக்கரையில மட்டுந்தான் நிக்கிது. இனிமே பழம் வராது. இருக்குற மிட்டாயெல்லாம் வித்துத் தீத்துராதீங்க. விதைக்கு வேணும். நானும் கொஞ்சம் கொண்டாந்துருக்கேன்."

மாமா உரக்கச் சிரித்தார். "புள்ளைக்கு மிட்டாய்க் கிறுக்குங்க மொதலாளி. வழி பூராம் இப்படித்தான் ஒளறிக்கிட்டு வருது."

மண்டிக்காரர் மாமாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சிறுபிள்ளைப் பேச்சு என்று தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"புள்ள சொல்றது நெசந்தாங்க. நாந்தான்…" என்று இழுத்தார்.

இழுப்பறை மூடிக்கொண்டது. மண்டிக்காரர் டப்பாவைத் திறந்து கவிழ்த்துத் தட்டினார். மிட்டாய்க் கட்டி முழுசாகத் தொப்பென்று விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெதையா ஆத்தா இது?"

"ஆமா."

"சரி. நான் வச்சுக்கிறேன்." கட்டியை டப்பாவுக்குள் போட்டு மூடி, தலைக்கு மேலே முருகன் படம் இருந்த பலகையில் வைத்தார். கூடைப் பழத்துக்கு மட்டும் காசு கொடுத்தார்.

மண்டியை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. அங்கே கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. மிட்டாய் வாங்குவது எப்போதும் மாமாவின் இலாகா. அன்று அப்பா போய் ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தார்.

"இதையும் விதைக்கு வச்சிருவமா அப்பா?"

"வேண்டாம். தின்னு."

மலையேறும்போது மாமா மற்ற குதிரைகளோடு ரொம்ப முன்னால் போய்விட்டார். அப்பா நான் உட்கார்ந்திருந்த குதிரையின் பக்கத்திலேயே, என் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார். மிட்டாய் விஷயத்தை நான் நல்லபடியாக முடித்ததில் அவருக்குத் திருப்தி என்று புரிந்துகொண்டேன்.

அந்த வருடம் மரங்களை வெட்டினார்கள். அப்பா வேறொருவர் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை நிறுக்கும் வேலைக்குப் போனார். வீட்டில் ஒரு நேரம் சோறு, ஒரு நேரம் கேப்பைக்களி. மாமா அதன்பின் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வரவே இல்லை. கடலை மிட்டாய்தான். அது எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். "கடலையில தாயி" என்று சொல்லிவிட்டுக் குதிரையை அவிழ்க்கப் போனார்.

வெட்டிய இடத்தில் அப்பா மலைவாழை வைத்தார். இரண்டு வருடம் கழித்துத் தார் தள்ளியதும் மறுபடி மண்டிக்கு இறங்கினோம். மண்டிக்காரர் எத்தனை மரம், எப்படி நிற்கிறது என்று கேட்டார். அப்பா சொன்னார். பன்றி புகுந்து அழித்த வரிசையையும் சேர்த்துச் சொன்னார். "நீங்க சொன்னாச் சரி" என்று அவர் இழுப்பறையைத் திறந்தார். ஒரு ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் பலகையைப் பார்த்தேன். முருகன் படத்துக்குக் கீழே, விளிம்பில் துருவேறி, என் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்பிக் கொடுத்த விதையை இரண்டு வருடமாக நடாமல் வைத்திருக்கிறாரே!

மலையேறும்போது அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"அன்னைக்கே நட்டுட்டாரு ஆத்தா" என்றார்.

டப்பாவை நான் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அப்பா பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தது அந்த ஒரு தடவைதான்.