கழற்றி வைத்த கதவு

எங்கள் தெருவில் தரைக்காரம்மாவைத் தெரியாதவர் கிடையாது. வீடு வீடாகப் போய் மரப்பலகைத் தரை போடுகிறவள். ஆணி வேண்டாத பலகை; ஒன்றோடொன்று மாட்டி அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அவள் வாயும் அப்படித்தான், டக்கென்று கடிக்கும். மருமகனிடம் மட்டும் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று குழைவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாப்பிள்ளைக்குக் கதவைத் தட்டிப் பழக்கமில்லை. உதைப்பான். கதவு திறந்ததும், என் எதிர்வீட்டில் இருக்கும் தரைக்காரம்மாவின் மகளுக்கு அடி விழும். ஒரு நாள் அவள் தலையைத் தரையில் மோதியதில் வாசலோரம் ஓடு பிளந்தது. மண்டையும்தான். அன்றைக்கு மகள் அவனைத் துரத்திவிட்டுப் பூட்டிய வீடு அது.

பிளந்த அந்த ஓடு தெரியாமலிருக்கத் தாய் பலகைத் தரை போட வந்தாள். பலகை போட்டால் தரை உயரும், கதவு உரசும். அதனால் கதவைக் கழற்றி அடியை இழைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்வாள். கைப்பழக்கத்தில் இங்கேயும் கழற்றிவிட்டாள். யாருக்குப் பயந்து பூட்டிய வீடு என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

நிலைக்கட்டையின் அடியை அறுத்து, கடைசிப் பலகையை அதற்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். உதைக்கக் கதவே இல்லை. நேராக உள்ளே போய் மகளின் முடியைப் பிடித்துச் சுவரில் அடித்தான்.

"மாப்பிள்ளை, அவளை விடுங்க."

"ஓரமாப் போங்க அத்தை. இது புருஷன் பொண்டாட்டி விஷயம்."

மறுபடி அடித்தான். மகளின் மூக்கு உடைந்து புதுப்பலகையெல்லாம் ரத்தம்.

"விடுறா நாயே!"

கடைசிப் பலகையை இழுத்துப் பூட்டுகிற இரும்புப் பட்டை அவள் கையில் இருந்தது. மண்டியிட்டபடியே அவன் முழங்காலில் வீசினாள். எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீட்டில் எனக்குக் கேட்டது. விழுந்தவனையும் விடவில்லை, முடியைப் பிடித்த கையைத் தேடித் தேடி அடித்தாள். நான் ஓடிப்போய்ப் பட்டையைப் பிடுங்கினேன். கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாம்.

அவனை ஆட்கள் தூக்கிப் போனார்கள். மகளுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்த கையோடு, தரைக்காரம்மா கதவை இழைத்து மாட்டினாள்.

சில வாரம் கழித்து அவன் ஊன்றுகோலோடு வந்து நின்றான். உதைக்கக் கால் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகக் கதவைத் தட்டினான்.

"அத்தை… கொஞ்சம் திறங்க."

மகள்தான் எழுந்து போனாள். போட்டிருந்த தாழ்ப்பாள் போதாதென்று மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.