எழும்பாத கை

அம்மன் சிலைகள் கங்கைக்குக் கிளம்பிய விஜயதசமி அன்றுதான் பைகுண்டநாத் சிக்தாரும் கல்கத்தா போலீஸிலிருந்து கிளம்பினார். தொப்பியைத் தன் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் மேசையில் வைத்தார். கொட்டுச் சத்தத்துக்குள் இறங்கி நடந்தார்.

தான் துப்பறிந்த வழக்குகளை மாதாமாதம் கதையாக அச்சிடுகிறவர் அவர். விஷம், திருட்டு, போலிச் சாமியார் என்று எதை எழுதினாலும் துரை கண்டுகொண்டதில்லை. கடைசிக் கதைதான் உறைத்தது.

போன வருஷம் இதே நாள். எஜமானைக் கொன்றதாகத் தேடப்பட்ட சமையல்காரன் கதாதரைப் பிடிக்க, மாற்று உடையில் அவன் வீட்டு வாசலில் நின்றார். சிலை கரைத்த மாலையில் தாயின் காலைத் தொடாமல் எந்த வங்காளி இருப்பான்? வந்தான். தொட்டான். அன்றைக்கு எதிரே நிற்பவர் யாரானாலும் தழுவுவது வழக்கம். பைகுண்டநாத்தையும் யாரோ ஊர்க்காரர் என்று தழுவினான். அவனுடைய வலது கை மட்டும் எழவே இல்லை.

விலங்கு மாட்டும்போது தாய் கதறினாள். "சின்னப் புள்ளையில மரத்துலேருந்து விழுந்தான் ஐயா! அந்தக் கை இடுப்புக்கு மேல போகாது!"

நின்றுகொண்டிருந்த எஜமானின் மண்டையைப் பிளந்ததோ, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட அம்மிக்கல். பைகுண்டநாத் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கதாதர் அந்தமானுக்குக் கப்பல் ஏறினான். அவர் அதையே கதையாக எழுதினார்.

"நிறுத்துய்யா பாபு. அதான் தீர்ப்பு ஆயிடுச்சே!" என்றார் துரை.

"தீர்ப்பு ஆச்சு துரை. கைதான் இன்னும் எழும்பல."

"வேலை வேணுமா, கதை வேணுமா?"

தொப்பி மேசைக்குப் போனது அப்போதுதான்.

வீட்டில் மனைவி நிஸ்தாரிணி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பென்ஷனும் போச்சாங்க?"

"போச்சு."

"அப்ப என்ன பயம்? அந்தத் துரை பேரையும் சேர்த்தே அச்சடிங்க."

சேர்த்தே அச்சடித்தார். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் அதே கதை, வேறு தலைப்பு.

"மறுபடியும் அந்தக் கையா, அண்ணா? படிக்கிறவன் அடிக்க வருவான்," என்பார் அச்சகக்காரர்.

"அடிக்கட்டும். அவன் கை நல்லா எழும்பும்ல?"

படித்தவர்களில் ஒரு வக்கீலும் இருந்தார். அவர் கதாதரை விடுவிக்கச் சொல்லி விடாமல் மனு மேல் மனுவாகப் போட்டார்.

பைகுண்டநாத்தின் மீசை முழுக்க வெளுத்த பிறகு, ஒரு பூஜைக் காலத்தில், கதாதரின் ஊர்ப் படகுக்காரன் வாசலில் வந்து நின்றான்.

"கதாதர் அந்தமான்லேருந்து வந்துட்டான், போலீஸ் பாபு. தசமிக்கு உங்கள வரச் சொன்னான். இந்தத் தடவ தழுவிட்டு, நீங்க சும்மா போகணுமாம்."