சிவப்புத் துணி கட்டிய குச்சி

சுனாமியில் அக்காவின் மகள் போய்விட்டாள். ஒன்பது வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரியோடு கடற்கரைக்குப் போனவள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஞாயிறுகளில் உப்பளத்து வேலைக்குப் போவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு வார்த்தை வராது.

அப்போது கழுவெளி ஏரிக்கரையில் இருந்த சின்னப் பறவை மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டெலஸ்கோப்பைத் துடைப்பது, வருகிறவர்களுக்குப் பறவைகளைக் காட்டுவது. பயிற்சியில் நாற்பது பெயர் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்காவுக்குக்கூட விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன். ஞாயிறுதோறும் அக்காவையும் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வருடம் வந்தாள், பார்த்தாள், திரும்பினாள். அவ்வளவுதான்.

2006 கோடையில் ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "எங்க உப்புப் பாத்தி வரப்புல உள்ளான் முட்டை வச்சிருக்குதுடி. நாலு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீளமான சிவப்புக் கால் உள்ள பவளக்கால் உள்ளான் அது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதன் கதைதான். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை உட்காருவது, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைப்பது. "வெயில்ல வெந்துடாம பாத்துக்குது பாரேன்" என்பாள். சோறுகூட ஒரு கை அதிகம் சாப்பிட்டாள். முட்டை பொரிந்தால் அக்கா தேறிவிடுவாள் என்று நானாகவே முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

யாராவது மிதித்துவிட்டால்? கூட்டுக்குப் பக்கத்தில் அடையாளம் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை அக்கா வேலை முடிந்து வந்த பிறகு, நான் போய்ச் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டேன். மறுநாள் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் உப்பளத்தில், வரப்பு இளகின இடத்தில்தான் மேஸ்திரி சிவப்புத் துணிக் குச்சி நடுவார். விடியற்காலையில் வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல், சேறு அள்ளிப் போட்டு மிதித்து இறுக்கிவிடுவார்கள். உப்பளத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. என் அதிமேதாவித்தனம் அப்படி.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது வரப்பு புதுச்சேறு பூசி வழவழவென்று இருந்தது. முட்டையும் மண் நிறம், அரையிருட்டில் யார் கண்ணுக்குத் தெரியும்? உள்ளான் இரண்டும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின.

"நான்தான்கா குச்சி நட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சேற்றைத் தோண்டக் குனிந்த என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு உள்ளான் இறங்கி, கூடு இருந்த இடத்திலேயே வந்து நின்றது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

"வாக்கா, போலாம்."

"நீ போ. அது இப்போ நவுராது" என்றாள். "நானும் கடற்கரையில மூணு நாள் நின்னேன். எல்லாரும் வா வான்னு கூப்டீங்க. ஒருத்தரும் கூட நிக்கல."

அன்றைக்கு முதலில் கூப்பிட்டது நான்தான்.