திவ்யா தூங்குவதற்குள்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று தலைப்பு. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருக்கிற என்னைப் போன்ற சூப்பிரண்டுகளையும் விடவில்லை. வந்து பேசியவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு வட்டம் போடுங்கள், அதுதான் உங்கள் நாள், அதைத் துண்டு போட்டு எதற்கு எவ்வளவு நேரம் என்று பிரியுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்த பெண்மணி தூக்கத்துக்குப் பாதி வட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வட்டத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது மரவள்ளித் துண்டாகத் தெரிந்தது.

கல்வராயன் மலையில் அறுவடைக் காலத்தில் பாறை கண்ட இடமெல்லாம் மரவள்ளியை வட்டம் வட்டமாக நறுக்கிக் காயப் போட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகு. கிட்டே போனால் புளித்த வாடை. தூறல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் வேலைக்காக நான் வெள்ளிமலையில் போய் இறங்கிய அன்று என்னை வா என்று கூப்பிட்டது அந்த வாடை ஒன்றுதான். இத்தனை வருடம் கழித்தும், வீட்டில் மாவு புளித்தால் எனக்கு அந்த பஸ் நிறுத்தம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வேலை என்று சொன்னேனே, அது என் வீட்டுக்காரருடைய வேலை. ரிஷிவந்தியம் ரோட்டில் பைக்கில் போனவர் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். காலி இடம் மலைமேல்தான் இருந்தது. திவ்யாவுக்கு அப்போது பேச்சு வரவில்லை, ஆனால் வீசிங் வந்துவிட்டிருந்தது. மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சங்கராபுரத்தில் இருந்த என் அக்கா, அவளுடைய இரண்டு பையன்களோடு மூன்றாவதாக திவ்யாவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"நீ போடி. ரெண்டுக்கு வடிக்கிற சோத்துல ஒரு வாய் இதுக்கு இல்லாமயா பூடும்?" என்றாள்.

நான் எப்பேர்ப்பட்டவள் என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியாக எழுந்து, கடைசியாகக் குளித்து, எல்லோரும் வாசலில் நிற்கும்போது வளையல் தேடுகிறவள் நான். என் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஆள் பொண்ணுதான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், ஒரு பஸ்ஸை விட்டால் பொழுது சாய்ந்துதான் அடுத்த பஸ் என்ற ஊரில் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் நேரம் போதவில்லை என்கிறார்கள். எனக்கு வந்த கஷ்டமே வேறு. நேரம் மலை மலையாகக் கிடந்தது. ஆபீஸ் விட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது? தட்டில் போட்டதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவர் இருந்திருந்தால் இந்நேரம் என்று ஆரம்பிக்கும். அழுது முடித்து நிமிர்ந்தால் கால் மணிகூட ஆகியிருக்காது. அந்தத் தனிமைக்கு நான் பயந்தேன்.

சனிக்கிழமைக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சனிக்கிழமையும் ஏதாவது வேலை சொல்லிவிடுவார்கள். அதை முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தால், மலை இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய், அங்கே வண்டி மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு சங்கராபுரம். திவ்யா விழித்திருப்பாள். நானே சோறு ஊட்டி, தோளில் போட்டுத் தூங்க வைப்பேன். அப்படித் தூங்கினால் காலையில் என் பக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து என் மூக்கைப் பிடித்து இழுப்பாள். மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டேனோ, நான் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். காலையில் கண் திறந்ததும் யாரோ ஒரு பொம்பளை பக்கத்தில் படுத்திருப்பதைப் பார்த்து வீறிட்டு அழுவாள். அந்தப் பயம் தெளிவதற்குள் நான் திரும்ப மலைக்கு பஸ் ஏறவேண்டிய நேரம் வந்துவிடும்.

முதல் சில மாதங்களில் நான் விட்ட பஸ்கள்தான் அதிகம். கடைசி நேரத்தில் தபால் பாக்கி இருக்கும், இல்லை புடவை காயாமல் இருக்கும். ஒருநாள் என் கண் முன்னாலேயே பஸ் வளைவில் திரும்பிப் போனது. மரவள்ளி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். மூட்டைக்குச் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழுவறதுன்னா அழு தாயி. மூட்ட மட்டும் நனையாம பாத்துக்க" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. சும்மா கிடக்கிற இந்தச் சாயங்காலங்களைத்தானே அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தலைவலி பிடித்த கோப்புகளைத் திங்கட்கிழமையே எடுத்துவிடுவேன். அறையில் அழுகிற நேரத்தில் மறுநாளைக்கு வேண்டியதை எழுதி வைப்பேன். துணி வியாழனே காய்ந்துவிடும். அழுகை வந்தால் வேலை செய்துகொண்டே அழுவேன். துக்கத்துக்கும் வாரத்தில் இடம் இருந்தது, சனிக்கிழமையில் மட்டும் கிடையாது. பை வெள்ளி இரவே வாசலுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். கண்டக்டர்கூடக் கிண்டல் செய்வார். "இன்னா மேடம், நீங்க வந்து நிக்கறதப் பாத்துதான் டிரைவரு வண்டியவே ஸ்டார்ட் பண்றாரு." அதற்குப் பிறகு நான் அந்த பஸ்ஸை விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. துறைத் தேர்வுகளும் அந்தச் சாயங்காலங்களில் படித்துத் தேறியவைதான்.

ஆனால் பாருங்கள், நேரத்தைக் கட்டி ஆண்டவளுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. திவ்யாவுக்குப் பேச்சு வந்த சமயம். ஒரு சனிக்கிழமை வாசலில் கால் வைக்கிறேன், அக்கா பையன்கள் "சித்தி வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே திவ்யா தள்ளாடி வந்து, "சித்தி" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மேல் என்ன தப்பு? அந்த வீட்டில் பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டது அக்காவை. வாரம் ஒருமுறை பிஸ்கட்டோடு வருகிறவள் சித்தி. அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. "ஏய், அம்மாடி அது. அம்மா சொல்லு" என்று அவளைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். திவ்யா அக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டு, "அம்மா இது" என்றாள்.

"வுடுக்கா. கொழந்த பயந்துக்கினு கீது" என்றேன். அன்று ராத்திரி அவளைத் தூங்க வைத்தது நான்தான். சித்தி என்று சொல்லிக்கொண்டேதான் தூங்கினாள்.

சங்கராபுரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நான் குடி வந்தபோது திவ்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். விவரம் தெரிந்துவிட்டது. என்னைப் பெற்றவள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழகிய பழக்கம், கூப்பிடுவது சித்தி என்றுதான். சாப்பாடு என் வீட்டில், தூக்கம் அக்கா வீட்டில், பள்ளிக்கூடத்தில் கையெழுத்து போட நான், காய்ச்சல் வந்தால் அக்கா. அக்கா அவ்வப்போது குற்றவாளி போல என்னைப் பார்ப்பாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. ஆனால் அவள் இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளையே இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

திவ்யா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அக்கா போன தையில் இறந்துபோனாள். பையன்கள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று திவ்யா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பயிற்சி முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது திவ்யா போன் செய்தாள். எப்போதும்போல ஆபீஸ் கதை, வீட்டு வாடகைக் கதை. நான் வட்டம் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன், சிரித்தாள்.

"சரி, தனியா உக்காந்துக்கினு எதையாவது நெனச்சுக்கினு இருக்காத. நேரத்துக்குச் சாப்டு, அம்மா" என்றாள்.

சொன்னதை அவளும் உணர்ந்திருக்க வேண்டும், சட்டென்று வைத்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எத்தனை சனிக்கிழமை இதற்காக ஓடியிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. என்னைவிட அவள்தான் இதற்காகக் காத்திருந்தவள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் வீட்டு வாசல் வரைக்கும் வேகமாகப் போய்விட்டேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் நின்றேன்.