ரிக் மாமாவின் மூன்று மணி நேரம்

கவுகாத்தியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். நாலாம் வகுப்பிலேயே இது எனக்குத் தெரியும். அப்பாவின் செல்போனில் நானே தேடிப் பிடித்தது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே தம்பி. அவரோ போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு அசாம் மலைப்பக்கம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரிக் ஊர் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா தள்ளிப்போடப் பார்த்தார். நான் விடவில்லை.

"ப்ளேன்ல மூணு மணி நேரந்தாங்கப்பா. காலைல கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு வந்தர்லாம்."

வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை. படிக்கிற பிள்ளை சொல்கிறாளே என்று வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தத்தைக் குறித்துவிட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கிறது என்றார் மாமா போனில். அப்படியானால் வியாழன் முழுக்க மிச்சம் என்று கணக்குச் சொன்னேன். ஜீப் எத்தனை மணிக்கு என்று அங்கே யாரிடமோ கேட்டார். அப்புறம், "செரி அம்மிணி, வாரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை எருமப்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயில். தம்பிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மாமாவைக் காணோம், போனும் அணைந்து கிடந்தது.

"உம்பட மாமன் ஆகாசத்துலயே நின்னுட்டாப்பல இருக்குது" என்றார் அத்தை என்னைப் பார்த்து. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் இருக்கிறாரே, அவர் மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அம்மா தம்பியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"மூணு மணி நேரந்தானே சாமி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா."

முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. மாமா இறங்கினார். செருப்பில் அந்த ஊர்ச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மலையிலிருந்து ஜீப், இரவெல்லாம் பஸ், பகலெல்லாம் விமான நிலையத்தில் காத்திருப்பு, பெங்களூரிலிருந்து மறுபடி இரவு பஸ் என்று அப்பாவிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அதெல்லாம் எதற்கு?

"மேல இருந்து ஆறெல்லாம் எப்படித் தெரிஞ்சுது மாமா?"

"பாக்கலீங் அம்மிணி. தூங்கிப்போட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தம்பியை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஊசி பட்டதும் தம்பி கோயிலே அதிரக் கத்தினான். மாமா அசையவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் சுற்றி இறுக்கமாகப் பிடித்தபடி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

"மடி வந்து சேந்துருச்சு. மாமன் இன்னும் வல்லே" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அவள் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா பையை எடுத்தார். அவர் இல்லாமல் அங்கே ரிக் வேலை நிற்கிறதாம்.

"மூணு மணி நேரந்தானே மாமா, ஞாயித்துக்கெழமையானா வந்துட்டுப் போங்க" என்றேன்.

"வந்தாப் போச்சு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் வரவில்லை. சில சாயங்காலங்களில், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து அம்மா என் பக்கத்தில் உட்காருவாள்.

"கண்ணு, மூணு மணி நேரந்தானே?"

"ஆமாம்மா" என்பேன். காற்று சாதகமாக அடித்தால் இன்னும் சீக்கிரம்கூட வரலாம் என்று விளக்குவேன். சரி என்று எழுந்து போவாள். சில நாள் கழித்து மறுபடியும் அதையே கேட்பாள். ஒரு தடவை சொன்னது இவள் மனதில் ஏன் நிற்பதே இல்லை என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.